உள்ளூர் மரத்தில் முதல் எலெக்ட்ரிக் கிட்டார்: பலகை முதல் தந்தி வரை

1963 ஆகஸ்டில் பிரையன் மே என்ற 16 வயதுப் பையனும் அவருடைய அப்பா ஹெரால்டும் ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் செய்யத் தொடங்கினார்கள். கடையில் வாங்கக் காசில்லை. நூறு வருடத்துக்கு மேல் பழைய கணப்படுப்பு ஒன்றின் மஹோகனிக் கட்டை கிட்டாருக்குக் கழுத்தானது. அதிலிருந்த புழு ஓட்டைகளைத் தீக்குச்சி வைத்து அடைத்தார்கள். பழைய மேசையின் ஓக் பலகை உடம்புக்குள் போனது. ஃபிங்கர்போர்டில், அதாவது விரல் வைத்து அழுத்தும் கழுத்தின் மேல் பலகையில், பதித்த புள்ளிகள், அம்மாவின் தையல் பெட்டியில் கிடந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். செய்து முடிக்க ஏறக்குறைய இரண்டு வருடம் பிடித்தது. பிறகு குயின் என்ற ராக் இசைக்குழுவில் அவர் காலமெல்லாம் வாசித்தது அந்தக் கிட்டாரைத்தான்.

நம்மைச் சுற்றி வளரும் மரத்தில் கிட்டார் செய்யலாமா என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். தாராளமாகச் செய்யலாம். எலெக்ட்ரிக் கிட்டாரின் உடம்பு நிறையத் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். கழுத்து பொறுக்காது. நட் (தலைப்பக்கம் தந்திகள் உட்காரும் பள்ளக் கட்டை) முதல் பிரிட்ஜ் (உடம்பில் தந்திகளைத் தாங்கும் உலோகப் பகுதி) வரை 648 மி.மீ. நீளத்துக்கு ஒரு நேர்கோடு. அது வளையாமல், முறுக்காமல், விலகாமல் நின்றுவிட்டால் கிட்டார் வாசிக்கும். இந்த வழிகாட்டியில் கழுத்துக்கு அதிக இடமும் மெருகுக்குக் குறைந்த இடமும் கொடுத்திருப்பது அதனால்தான்.

முதலில் முடிவு செய்ய வேண்டியவை

முதல் கிட்டாருக்கு எளிய அமைப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்தை உடம்போடு நான்கு திருகால் முடுக்குவது, தலைப்பகுதி சாயாமல் தட்டையாக இருப்பது, பிரிட்ஜ் அசையாத வகை, ஒரே ஒரு ஹம்பக்கர் பிக்கப் (தந்தியின் அசைவை மின்சாரமாக்கும் இரட்டைச் சுருள் காந்தம்), ஒரு வால்யூம், ஒரு டோன். இதில் கழுத்தைச் சாய்த்து வைக்க வேண்டிய கணக்கு எதுவும் இல்லை. கழுத்தில் பிழை வந்தால் திருகைக் கழற்றி வேறு கழுத்து போடலாம். ஃபெண்டர் நிறுவனம் 1950-இல் பெரிய அளவில் விற்கத் தொடங்கிய கிட்டார்களும் இப்படித் திருகில் நிற்கும் கழுத்து கொண்டவைதான்.

தந்தி நீளம் 648 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம், அதாவது 25.5 அங்குலம். இந்த அளவுக்கான பிரிட்ஜ், பிக்கப், ட்ரஸ் ராடு (கழுத்துக்குள் வைத்து அதன் வளைவைத் திருத்தும் எஃகுக் கம்பி) எல்லாம் பரவலாகக் கிடைக்கின்றன. அப்புறம் ஒரு விதி: பிரிட்ஜ், பிக்கப், டியூனர் (தந்தியை முறுக்கும் திருகாணி), ட்ரஸ் ராடு, ஃபிரெட் கம்பி (ஃபிங்கர்போர்டில் குறுக்கே பதிக்கும் உலோகக் கட்டு) எல்லாம் கையில் வந்த பிறகுதான் மரத்தில் கோடு போட வேண்டும். காகிதத்தில் இருக்கும் அளவுக்கும் கையில் இருக்கும் பொருளுக்கும் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். அந்த ஒரு மில்லிமீட்டர் நாளெல்லாம் வேலை வைக்கும்.

மரம்

எந்த மரம் நல்ல சத்தம் தரும் என்ற வாக்குவாதத்துக்கு முடிவே கிடையாது. என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பிக்கப் என்பது காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும். அது கேட்பது எஃகுத் தந்தியின் அசைவை. 1930-களில் வந்த முதல் எலெக்ட்ரிக் கிட்டார்களில் ஒன்று அலுமினிய வார்ப்பில் ஆனது. 1940 வாக்கில் லெஸ் பால் என்ற கிட்டார் கலைஞர் 4 அங்குலச் சதுர பைன் கட்டையில் தந்தி கட்டி வாசித்தார். பார்வைக்குக் கிட்டார் மாதிரி இருக்க இரு பக்கமும் வேறொரு கிட்டாரின் பாதிகளை ஒட்டினார். தந்தி, பிக்கப், பிரிட்ஜின் உறுதி, செட்டப் (தந்தி கட்டியபின் வளைவு, உயரம், சுருதியைச் சரிசெய்வது) இவை சத்தத்தைத் தீர்மானிக்கும் அளவுக்கு உடம்பின் மர வகை தீர்மானிப்பதில்லை. ஆகவே மரத்திடம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: காய்ந்திருக்கிறதா, எடை தாங்குமா, அசையாமல் நிற்குமா?

காய்ந்திருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. காற்றில் உலர வைக்கும் பலகைக்கு ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. ஈரமானி இருந்தால் 8 முதல் 12 சதவீதத்துக்குள் காட்ட வேண்டும். இல்லையென்றால் சமையலறைத் தராசு போதும். பலகையைச் சற்றுப் பெரிதாக அறுத்து, எடை பார்த்து, அதன் மேலேயே பென்சிலால் தேதியும் கிராமும் எழுதி, வேலை செய்யும் அறையிலேயே காற்றோட்டமாக வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மறுபடி நிறுங்கள். மூன்று முறை தொடர்ந்து எடை மாறாவிட்டால் மரம் அந்த அறையோடு சமாதானமாகிவிட்டது. என் முதல் கழுத்துக்கு நான் இதைச் செய்யவில்லை. இழைத்த அன்று கண்ணாடி போல நேராக இருந்தது. ஐந்து வாரத்தில் தலைப்பகுதி ஒரு பக்கம் திரும்பிக்கொண்டது. முறுக்கை ட்ரஸ் ராடால் சரிசெய்ய முடியாது. அது முன்னும் பின்னும் வளைவதை மட்டுமே திருத்தும். அந்தக் கழுத்தை விட்டுவிட்டுப் புதிதாகத்தான் தொடங்க வேண்டியிருந்தது.

பழைய வீட்டுக் கதவு நிலை, உத்தரம், உடைந்த கட்டில் சட்டம் கிடைத்தால் விடாதீர்கள். பல பத்தாண்டுகளாகக் காய்ந்த மரம் அது. ஆணி ஒளிந்திருக்கும், ஒரு வலுவான காந்தத்தை நூலில் கட்டிப் பலகை மேல் மெதுவாக இழுத்துப் போங்கள், இரும்பு இருக்கும் இடத்தில் நூல் சாயும்.

அடுத்தது எடை. வழக்கமான உடம்பின் பரப்பு சுமார் 900 சதுர செ.மீ., தடிமன் 4.5 செ.மீ. ஆகக் கிட்டத்தட்ட 4 லிட்டர் கொள்ளளவு. உங்கள் மரத்தில் 10 × 10 × 4.5 செ.மீ. துண்டு ஒன்றை அறுத்து நிறுத்துப் பாருங்கள். அதன் கொள்ளளவு 450 மி.லி.; எடை 225 கிராம் இருந்தால் உடம்பு 2 கிலோ வரும், 315 கிராம் இருந்தால் 2.8 கிலோ வரும். கழுத்தும் உதிரிகளும் சேர்ந்தால் இன்னும் ஒன்றரை கிலோவாவது கூடும். மொத்தம் 4 கிலோவைத் தாண்டினால் தோள் சொல்லிவிடும்.

உடம்புக்குப் பலா எனக்குப் பிடித்த மரம். வீணைக் குடம் குடைகிற மரம் அது. உளிக்கு நன்றாக இணங்கும், மஞ்சள் நிறம் நாளாக ஆகப் பழுப்பேறி அழகாகும். மலைவேம்பு எடை குறைவு, ஆனால் நகம் பட்டாலும் பள்ளம் விழும். மாமரத்தில் சில பலகைகளில் அலை அலையான ரேகை கிடைக்கும். அதைப் பூச்சி எளிதில் துளைக்கும் என்பதால் மாவு போல் தூள் உதிர்கிறதா என்று பாருங்கள். வேம்பு, வாகை, பூவரசு எல்லாமே ஆகும்.

கழுத்துக்குத் தேக்கு நல்ல தேர்வு. ஈரம் ஏறி இறங்கினாலும் குறைவாகவே அசையும் மரம். அதில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு உடனே ஒட்ட வேண்டும். ஃபிங்கர்போர்டுக்கு ஈட்டி அல்லது கருங்காலி. ஈட்டி இனம் முழுவதும் 2017 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு வந்தது, மூல மரத்துக்கு வரவில்லை. ஆகையால் எங்கிருந்து வந்த கட்டை என்று தெரிந்து வாங்குங்கள். பழைய மேசைக்கால் ஒன்றே ஒரு ஃபிங்கர்போர்டுக்குப் போதுமானதாக இருக்கலாம்.

தேக்கு, ஈட்டி, மா, வேம்பு எல்லாவற்றின் தூளும் சிலருக்குத் தோலரிப்பும் மூச்சு முட்டலும் தரும். முகமூடி போடாமல் உப்புத்தாளைத் தொடாதீர்கள்.

முழு அளவு வரைபடம்

ஒட்டுப்பலகை அல்லது கெட்டி அட்டையில் கிட்டாரை உண்மை அளவிலேயே வரையுங்கள். முதல் கோடு நடுக்கோடு. மற்ற எல்லாம் அதிலிருந்து இரு பக்கமும் அளக்க வேண்டும். நட் இருக்கும் இடத்தில் கழுத்தின் அகலம் 43 மி.மீ., 22-ஆம் ஃபிரெட்டைத் தாண்டிய முனையில் 56 மி.மீ. பிரிட்ஜில் இரண்டு ஓரத் தந்திகளுக்கு இடையே பொதுவாக 52 மி.மீ. இருக்கும், உங்கள் பிரிட்ஜை அளந்து போடுங்கள். ஓரத் தந்திகள் இரண்டையும் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை வரைந்து பாருங்கள். 22-ஆம் ஃபிரெட்டில் தந்திக்கு வெளியே இரு பக்கமும் 3 மி.மீ.யாவது மரம் இருக்க வேண்டும். குறைந்தால் வாசிக்கும்போது தந்தி ஓரத்தில் நழுவி விழும்.

உடம்பின் வடிவம் உங்கள் விருப்பம். வார் மாட்டும் மேல் கொம்பு 12-ஆம் ஃபிரெட் வரை நீண்டால் வாரில் தொங்கும்போது கழுத்து கீழே சாயாது.

உடம்பு

முழு அகலத்தில் ஒரே பலகை கிடைப்பது அரிது, கிடைத்தாலும் அது அகலவாக்கில் வளைந்துகொள்ளும். இரண்டு பலகையை நடுவில் ஒட்டுவதே நல்லது. ஒட்டும் விளிம்பை நேராக்க ஓர் எளிய வழி: இரண்டு பலகையையும் புத்தகத்தை மூடுவது போல மடித்து, இரண்டு விளிம்பும் மேலே தெரிய ஒன்றாகக் கவ்வியில் பிடித்து, இழைப்புளியால் இரண்டையும் ஒரே ஓட்டத்தில் சீவுங்கள். இழைப்புளி சற்றுச் சாய்ந்தாலும் கவலையில்லை. ஒரு பலகையில் கூடிய கோணம் மற்றதில் அதே அளவு குறைந்திருக்கும், விரித்து வைத்தால் சமமாகிவிடும். ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தி, பின்னால் விளக்கைப் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் கசியும் இடத்தில் இன்னும் வேலை இருக்கிறது. கசியாத இணைப்புக்குக் கவ்வியின் அழுத்தம் அதிகம் தேவைப்படாது.

ஒட்டிக் காய்ந்தபின் இரு பக்கமும் சமமாக்கி 45 மி.மீ. தடிமனுக்குக் கொண்டுவாருங்கள். நேரான இரண்டு சட்டங்களைப் பலகையின் இரு முனையிலும் குறுக்கே வைத்து, ஒன்றின் மேல்விளிம்பு வழியே மற்றதைப் பாருங்கள். இரண்டும் இணையாகத் தெரியாவிட்டால் பலகையில் முறுக்கு இருக்கிறது. இதே சோதனை கழுத்துக்கும் வரும்.

பிக்கப்பும் மின் பாகங்களும் உட்காரும் குழிகளை வெளிவடிவம் வெட்டும் முன்பே குடைந்துவிடுங்கள். பலகை செவ்வகமாக இருக்கும்போது கவ்வியில் பிடிப்பது சுலபம். ரவுட்டர் (மரத்தில் பள்ளம் குடையும் மின்கருவி) இருந்தால் அச்சுப்பலகை வைத்துச் செய்யலாம். இல்லாவிட்டால் தட்டையாக அடிவெட்டும் பெரிய துளைமுனையால் பக்கம் பக்கமாகத் துளையிட்டு, மீதியை உளியாலும் கொட்டாப்புளியாலும் சீர் செய்யுங்கள். துளைமுனையில் ஆழத்துக்கு ஒரு நாடா சுற்றிக்கொள்ளுங்கள்.

கழுத்துக் குழி மட்டும் வேறு மாதிரி. அது 16 மி.மீ. ஆழம், அடி முழுக்கத் தட்டையாக, உடம்பின் மேற்பரப்புக்கு இணையாக இருக்க வேண்டும். கழுத்தைச் செய்து முடித்த பிறகு அதன் அடிப்பகுதியையே மரத்தின் மேல் வைத்துக் கூரிய கத்தியால் கோடு கீறுங்கள். பென்சில் கோட்டுக்கு அகலம் உண்டு, கத்திக் கோட்டுக்கு இல்லை. கீறலுக்கு உள்ளே ஒரு மில்லிமீட்டர் விட்டுக் குடைந்து, பிறகு உளியால் மெல்லிய சீவல் சீவலாக நெருங்குங்கள். ஒவ்வொரு சீவலுக்கும் கழுத்தை வைத்துப் பாருங்கள். திருகே இல்லாமல் கழுத்தைப் பிடித்துத் தூக்கினால் உடம்பும் கூடவே எழும்ப வேண்டும். அந்தப் பிடிப்பு வந்த நாளை நீங்கள் மறக்க மாட்டீர்கள்.

வெளிவடிவத்தை வளைவு ரம்பத்தால் கோட்டுக்கு வெளியே அறுத்து, அரத்தால் கோடு வரை வாருங்கள். விளிம்புகளை 3 மி.மீ.யாவது உருட்டிவிடுங்கள், முன்கை படும் இடத்தில் இன்னும் தாராளமாக.

கழுத்து

ஒரே கட்டையை விட மூன்று பட்டையாக ஒட்டிய கழுத்தையே பரிந்துரைக்கிறேன். ஒரு தேக்குச் சட்டத்தை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி, நடுவில் ஒரு மெல்லிய ஈட்டிப் பட்டை வைத்து ஒட்டுங்கள். ஒரு பட்டை ஒரு பக்கம் திரும்ப நினைத்தால் மற்றது எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடிக்கும். பக்கவாட்டில் பார்க்கும்போது ரேகை முனையிலிருந்து முனை வரை ஓட வேண்டும். நடுவில் சரிந்து வெளியேறும் ரேகை இருந்தால் அந்த இடத்தில்தான் கழுத்து உடையும். கணு இருக்கவே கூடாது. வைரம் பாய்ந்த பகுதியை மட்டும் எடுங்கள், வெளிறு வேண்டாம்.

10-46 தந்தி (மெல்லியது 0.010, தடித்தது 0.046 அங்குலம்) ஆறையும் சுருதி கூட்டினால் கழுத்தின் மேல் சுமார் 45 கிலோ இழுவிசை நிற்கும், இரவும் பகலும். ட்ரஸ் ராடு இல்லாமல் முதல் கழுத்தைச் செய்யாதீர்கள். இரு பக்கமும் இயங்கும் வகை நல்லது. அது உட்காரும் பள்ளம் பெரும்பாலும் 6 மி.மீ. அகலம், ராடைப் பொறுத்து 9 முதல் 11 மி.மீ. ஆழம். கழுத்துக் கட்டை சதுரமாக இருக்கும்போதே, நடுக்கோட்டில் இதை வெட்டிவிட வேண்டும். ராடு தளராமல், இடைவெளியில்லாமல் உட்கார வேண்டும். ஆடினால் தந்தியோடு சேர்ந்து அதுவும் அதிரும்.

கட்டையின் தடிமன் 19 மி.மீ. ஃபிங்கர்போர்டு 6 மி.மீ. சேர்ந்து 25. குழி 16 ஆழம் என்பதால் ஃபிங்கர்போர்டு உடம்புக்கு மேல் 9 மி.மீ. எழுந்து நிற்கும். ஃபிரெட் உயரமும் தந்தி இடைவெளியும் சேர்த்தால் 12 மி.மீ.க்குப் பக்கத்தில் வரும். உங்கள் பிரிட்ஜின் தந்தித் தாங்கிகள் அந்த உயரத்துக்கு ஏறி இறங்குமா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். தலைப்பகுதியின் முகத்தை இன்னும் 4 மி.மீ. இறக்கி 15 மி.மீ. தடிமனாக்கினால் தந்தி நட்டின் மேல் அழுந்தி உட்காரும்.

பின்புறத்தைச் செதுக்குவதைக் கடைசிக்கு விடுங்கள், ஃபிங்கர்போர்டு ஒட்டிய பிறகு. அப்போது முதலில் இரண்டு இடத்தை மட்டும் முடியுங்கள்: 1-ஆம் ஃபிரெட்டுக்கு அடியில் மொத்தத் தடிமன் 21 மி.மீ., 12-க்கு அடியில் 23 மி.மீ. இரண்டுக்கும் நடுவே நேராகச் சீவி இணைத்தால் கழுத்தின் முதுகு தானாக வந்துவிடும். உருண்டையாக்கும் ஆசையில் நேராக அரத்தை வளைக்காதீர்கள். முதலில் இரு ஓரத்திலும் 45 பாகையில் ஒரு சரிவு, அந்தச் சரிவின் இரு மூலையிலும் இன்னொரு சரிவு, இப்படி முகம் முகமாகக் குறைத்துக்கொண்டே போனால் கடைசியில் உப்புத்தாளுக்கு மிஞ்சுவது மிகக் குறைவு. கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் மேலும் கீழும் தடவிப் பாருங்கள். கண் விட்ட மேட்டைக் கை பிடித்துவிடும்.

ஃபிங்கர்போர்டும் ஃபிரெட்டும்

ஃபிரெட் கணக்கு எளிது. மீதமுள்ள தந்தி நீளத்தை 17.817 ஆல் வகுத்தால் அடுத்த ஃபிரெட்டுக்கான தூரம். 648 ÷ 17.817 = 36.37; அது முதல் ஃபிரெட். மீதி 611.63-ஐ மறுபடி வகுத்தால் 34.33, ஆக இரண்டாவது நட்டிலிருந்து 70.70 மி.மீ. இப்படியே போனால் 3-ஆவது 103.10, 5-ஆவது 162.55, 7-ஆவது 215.51, 12-ஆவது சரியாகப் பாதியில் 324, 22-ஆவது 466.16. உங்கள் கணக்கில் 12 சரியாக 324-இல் வந்து விழுந்தால் மற்றவையும் சரிதான்.

கணக்கு அடுத்தடுத்துப் போனாலும் அளப்பது அப்படிப் போகக் கூடாது. ஒவ்வொரு ஃபிரெட்டையும் நட்டிலிருந்தே அளந்து குறியுங்கள். ஒரு ஃபிரெட்டிலிருந்து அடுத்ததுக்கு அளந்தால் கால் மில்லிமீட்டர் பிழை 22 தடவை கூடிக்கொண்டே போகும். எஃகு அளவுகோலை நாடா போட்டு ஃபிங்கர்போர்டின் மேல் நிறுத்தி, எல்லாக் குறியும் முடியும்வரை அதை அசைக்காதீர்கள். குறியைக் கத்தி முனையால் போடுங்கள், மூலைமட்டம் வைத்துக் குறுக்கே கீறுங்கள்.

வெட்டுவது ஃபிரெட் ரம்பத்தால். வெட்டின் அகலம் 0.6 மி.மீ. அளவில் இருக்க வேண்டும், வெட்டுக்குள் இறங்கும் உங்கள் கம்பியின் அடிநாக்குக்கு ஏற்ப. ஃபிங்கர்போர்டு இன்னும் தட்டையாக, இரு ஓரமும் இணையாக இருக்கும்போதே எல்லா வெட்டையும் முடித்துவிடுங்கள். சரிவாக ஓரத்தைக் குறைத்த பிறகு மூலைமட்டம் சாய எதுவும் இருக்காது. ஆழம் 3.5 மி.மீ. ஏன் இவ்வளவு? 305 மி.மீ. ஆரத்துக்கு மேற்பரப்பை வளைக்கும்போது, 56 மி.மீ. அகலத்தில் ஓரம் 1.3 மி.மீ. தேய்ந்து போகும். வெட்டு ஆழமில்லாவிட்டால் ஓரத்தில் கம்பி உட்காராது.

கழுத்தில் ஒட்டும்போது ஃபிங்கர்போர்டு பசையில் வழுக்கும். இரண்டு ஃபிரெட் வெட்டுக்குள் மெல்லிய ஆணி இரண்டு இறக்கி இடத்தை நிறுத்திக்கொள்ளுங்கள், காய்ந்ததும் பிடுங்கிவிடலாம். ட்ரஸ் ராடின் மேல் நாடா ஒட்டிவிட்டுப் பசையைத் தடவி, மூடும் முன் நாடாவை உரித்துவிடுங்கள். ராடில் பசை இறங்கினால் அது திரும்பாது. காய்ந்தபின் கெட்டியாக நிற்கும் மஞ்சள் மரப்பசை வேண்டும், ரப்பர் போல நெகிழும் பசை வேண்டாம். தட்டையான கட்டை வைத்து நிறைய கவ்வி போட்டு, ஒரு நாள் முழுக்க விடுங்கள். பசையின் ஈரத்தால் கழுத்து சற்றுப் பின்னால் வளையும். நாலைந்து நாள் அப்படியே வைத்தால் பெரும்பாலும் திரும்பிவிடும். அவசரப்பட்டு இழைக்காதீர்கள்.

பிறகு ஆரக் கட்டையில் (அதே 305 மி.மீ. ஆரத்துக்குக் குழிந்த கட்டை) உப்புத்தாள் ஒட்டி, 80-இல் தொடங்கி நீளவாக்கில் தேயுங்கள். ஃபிங்கர்போர்டு முழுக்கச் சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள். கோடு அழியாத இடம் பள்ளம். ட்ரஸ் ராடு எந்தப் பக்கமும் இழுக்காத நிலையில்தான் இந்த வேலை.

ஃபிரெட் கம்பியை ஃபிங்கர்போர்டின் வளைவை விடச் சற்று அதிகமாக வளைத்துக்கொள்ளுங்கள். இரு முனையையும் முதலில் தட்டி, பிறகு நடுவில் தட்டி இறக்குங்கள். சரியாக உட்கார்ந்தால் சுத்தியலின் ஓசை மாறும்; தளதளவென்ற சத்தம் போய்க் கெட்டியான ஒரு 'டொக்' கேட்கும். அந்த ஓசை வந்ததும் நிறுத்துங்கள். மேலும் அடித்தால் கம்பி நசுங்கும்.

எல்லாம் இறங்கியதும் ஃபிரெட் தலைகளை மார்க்கரால் கருப்பாக்கி, நேரான இரும்புச் சட்டத்தில் 400 உப்புத்தாள் ஒட்டி, எல்லாத் தலையிலும் கருப்பு போகும்வரை லேசாக ஓட்டுங்கள். தட்டையான தலைகளை ஃபிரெட் அரத்தால் மறுபடி உருண்டையாக்கி, நடுவில் மயிரிழைக் கருப்புக் கோடு மிஞ்ச விடுங்கள். அந்தக் கோடு இருக்கும்வரை சமம் கெடவில்லை என்று அர்த்தம். ஓரங்களைச் சரிவாகச் சீவி, மூலையை மழுக்குங்கள். இந்த மழுக்கலுக்கு ஒரு முழு மாலை ஒதுக்கலாம். கை வழுக்கிப் போகும்போது குத்தும் கிட்டாரை யாரும் எடுத்து வாசிக்க மாட்டார்கள்.

கழுத்தையும் பிரிட்ஜையும் நிறுத்துவது

திருகு 45 மி.மீ. நீளம். குழிக்கு அடியில் 29 மி.மீ. மரமும் 2 மி.மீ. தகடும் போக, கழுத்துக்குள் 14 மி.மீ. ஏறும். உடம்பில் போடும் துளை திருகு தளர்வாகச் சுற்றும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். மரை கழுத்தில் மட்டும்தான் பிடிக்க வேண்டும். இரண்டிலும் பிடித்தால் நடுவில் ஓர் இடைவெளி நின்றுவிடும், எவ்வளவு முடுக்கினாலும் மூடாது. தேக்கில் திருகு ஏற்றும் முன் மெழுகில் தேய்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் முறியும்.

பிரிட்ஜுக்குத் துளையிடும் முன் கட்டாயம் நூல் சோதனை. நட் இடத்தில் ஓரத் தந்திகள் வரும் இரண்டு புள்ளியில் தையல் நூலை நாடாவால் ஒட்டி, பிரிட்ஜின் ஓரத் தாங்கிகள் வழியாக இழுத்து, உடம்பின் பின்னால் ஒட்டுங்கள். 22-ஆம் ஃபிரெட்டில் இரு பக்கமும் நூலுக்கும் ஓரத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்து, சமமாகும்வரை பிரிட்ஜை நகர்த்துங்கள். வரைபடத்தின் நடுக்கோட்டை நம்ப வேண்டாம். கழுத்து இப்போது எங்கே நிற்கிறதோ அதுதான் உண்மையான நடு. நீளவாக்கில், மெல்லிய தந்தியின் தாங்கியை முன்னால் கொண்டுவந்து 648-இல் வையுங்கள். தடித்த தந்திக்கு இன்னும் 3 முதல் 5 மி.மீ. பின்னால் போக வேண்டிவரும், திருகில் அதற்கு இடமிருக்கிறதா பாருங்கள்.

மெருகு

எல்லா உதிரியையும் கழற்றிவிட்டு 120, 180, 240, 320 என்று ரேகையோடு தேயுங்கள். நடுவில் ஒரு முறை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டால் நார் எழும்பும், அதைத் தேய்த்துவிடுங்கள். முதல் கிட்டாருக்கு எண்ணெய் மெருகே போதும். மெல்லிதாகத் தடவி, கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்து, ஒரு நாள் விட்டு மறுபடி, நான்கைந்து முறை. எண்ணெய் பட்ட துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள் அல்லது தண்ணீரில் அமுக்கி வையுங்கள். இரும்பு நார் பயன்படுத்துவதானால் பிக்கப் அந்த அறையிலேயே இருக்க வேண்டாம்; துகள் போய் காந்தத்தில் ஒட்டினால் எடுக்கவே முடியாது.

மின் இணைப்பு

ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் வால்யூம், டோன், டோனுக்கு 0.022 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். குழிகளின் உட்புறம் செம்பு நாடா ஒட்டித் தரையிணைப்போடு சேர்த்தால் இரைச்சல் குறையும்.

பிக்கப்பின் சமிக்ஞைக் கம்பி வால்யூமின் ஓரக் கால் ஒன்றில். நடுக்கால் ஜாக்கின் (கேபிள் செருகும் இடம்) முனைத் தொடர்புக்கு. மற்ற ஓரக் கால் தரையிணைப்புக்கு. பிக்கப் வந்து சேரும் அதே காலிலிருந்து ஒரு கம்பி டோனின் ஓரக் காலுக்கு, டோனின் நடுக்காலிலிருந்து கெப்பாசிட்டர் வழியாகத் தரைக்கு. வால்யூம் தலைகீழாக வேலை செய்தால் ஓரக் கால்கள் இரண்டையும் மாற்றிப் போடுங்கள். பிரிட்ஜுக்கு அடியிலிருந்து தரையிணைப்புக்கு ஒரு கம்பி மறக்காமல் போக வேண்டும். தந்தியைத் தொட்டதும் இரைச்சல் அடங்குவது அதனால்தான். தந்தி கட்டும் முன்பே ஆம்ப்பில் (ஒலிபெருக்கியில்) செருகி, பிக்கப்பை ஒரு ஸ்க்ரூடிரைவரால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். 'டப்' என்று கேட்டால் எல்லாம் சரி.

தந்தி கட்டிய பிறகு

நட்டை எலும்பில் செய்யுங்கள். பள்ளத்தை ஆழப்படுத்தும்போது ஒரு சோதனை: தந்தியை 3-ஆம் ஃபிரெட்டில் அழுத்துங்கள், 1-ஆம் ஃபிரெட்டின் மேல் மெல்லிய காகிதம் நுழையும் அளவுக்கு மட்டும் இடைவெளி வேண்டும். சுத்தமாக இல்லாவிட்டால் பள்ளம் அதிகம் இறங்கிவிட்டது, திறந்த தந்தி கரகரக்கும்.

சுருதி கூட்டி ஒரு நாள் விடுங்கள். பிறகு தந்தியை 1-ஆம் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் ஒருசேர அழுத்தி, 7-க்கும் 8-க்கும் அருகில் பாருங்கள். 0.2 மி.மீ. இடைவெளி நல்லது. கூடுதலாக இருந்தால் ட்ரஸ் ராடை முடுக்குங்கள், ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். அடுத்து 12-இல் தந்தி உயரம்: மெல்லியதற்கு 1.6, தடித்ததற்கு 2 மி.மீ. கடைசியில் சுருதிச் சரிபார்ப்பு. 12-இன் மேல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஓசையும் அதே இடத்தில் அழுத்தி எழுப்பும் ஓசையும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்தியது உயர்ந்து கேட்டால் தாங்கியைப் பின்னால் நகர்த்துங்கள், தாழ்ந்து கேட்டால் முன்னால்.

இந்த வரிசை மாறக் கூடாது. வளைவைத் திருத்தினால் உயரம் மாறும், உயரத்தைத் திருத்தினால் சுருதி மாறும்.

புதிய கழுத்து முதல் சில வாரம் இழுவிசைக்குப் பழகிக்கொண்டே இருக்கும். இரண்டு வாரம் கழித்து, மழைக்காலம் வந்தபோது, பின்பு வெயில் ஏறியபோது என்று மூன்று முறை அந்த 0.2 மி.மீ.யை அளந்து, தேதியோடு உடம்பின் மின்குழி மூடிக்கு உட்புறம் பென்சிலால் எழுதி வையுங்கள். இரண்டாவது கிட்டாருக்கு அதே மரத்தை எடுக்கலாமா என்று அந்த மூன்று எண்கள் சொல்லிவிடும்.